போலீஸ் யாரும் பேசவில்லை

நஞ்சப்பனை யாரும் அடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு கெட்ட வார்த்தை விழவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. இரண்டு டீயும் ஒரு பன்னும் வாங்கிக் கொடுத்து, மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார வைத்து, இருபத்தாறே நிமிடத்தில், தன் சொந்த மச்சானையும் இன்னொருத்தனையும் சாகவிட்டது தான்தான் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்கள்.

சொல்ல வைத்தது பெட்டி. சின்னமடை ஸ்டேஷனில் மேசை மேல் உட்கார்ந்திருக்கும் சோப்பு நிறப் பெட்டி. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு 'விசாரணைத் துணை' என்று பெயர். பெண் குரலில் பேசுவதால் லாக்கப்புக்கு வந்து போகிறவர்கள் அதற்கு 'அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முன்பெல்லாம் போலீசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம். ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்தவன் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் அதில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். இயந்திரம் கேட்டு இயந்திரம் பதிந்தால் செல்லும். இயந்திரம் போலீஸ் ஆகாதே! இனி ஸ்டேஷனில் அடி கிடையாது என்று சொல்லி வாழ்த்துச் சுவரொட்டிகூட ஒட்டினார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. விசாரணை முடியும் வரை ஒரு போலீஸ் அந்த அறையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததும், 'விசாரணையின்போது போலீஸ் யாரும் பேசவில்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கையெழுத்து விழாவிட்டால் ஒப்புதல் வெறும் காகிதம்.

சின்னமடையில் அந்த நாற்காலி ரைட்டர் இந்திராணியுடையது. ஏட்டு. இருபத்தேழு வருட சர்வீஸில் இருபத்துமூன்று வருடம் அந்த ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதியவள். பெட்டி வந்த பிறகு எழுத ஒன்றுமில்லை. உட்காருவாள், கேட்பாள், கையெழுத்துப் போடுவாள். இதுவரை நானூறுக்கு மேல் போட்டிருப்பாள். நஞ்சப்பன் காகிதத்தில்தான் பேனா நின்றது.

நடந்தது இவ்வளவுதான். தங்கமுத்துவின் சாயப்பட்டறையில் பதினாலு அடி ஆழக் கழிவுத் தொட்டி. அதில் ஆளை இறக்கக் கூடாது என்று தடை இருக்கிறது. தடை இருந்தால் என்ன, சேறு தானாக ஏறி வெளியே வருமா? நஞ்சப்பனின் பெண்டாட்டிக்குத் தம்பி திருமூர்த்தியும், பிகாஷ் என்ற ஒடிசாக்காரனும் இறங்கினார்கள். மேலே கயிறு பிடித்தவன் நஞ்சப்பன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் விஷக்காற்றில் செத்துப்போனார்கள்.

பெட்டி கேட்டது, தாய்க்குத் தாயாக.

"காத்தால எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தே நஞ்சப்பா?"

"ஏழுக்குங்க. வர்றதுக்கு முந்தி ஒரு கட்டிங் போட்டனுங்க. அந்த நாத்தத்துக்கு அது இல்லாம நிக்க முடியாதுங்க, எல்லாருமே..."

"அப்போ குடிச்சிருந்தே."

"ஆமாங்க."

"பொறவு?"

"அவங்க எறங்குனாங்க. நான் கயிறு புடிச்சிருந்தனுங்க. பாலு சார் வந்து, மோட்டார் நின்னுபோச்சு, போய்ப் போடுன்னாருங்க. கயிறு இருக்குதுங்களேன்னேன். தூண்ல கட்டிட்டுப் போடான்னாருங்க."

"சரி."

ஒரு நொடி அமைதி. அவ்வளவுதான். சூப்பர்வைசர் பாலு அந்த ஒரு நொடியில் கதையை விட்டே வெளியேறிவிட்டான்.

"கயிறு யார் கையில இருந்துச்சு?"

"என்ற கையிலதானுங்க."

"அப்போ நீ போனதும் கயிறு யார் கையிலயும் இல்ல."

"இல்லீங்க, கட்டித்தான்..."

"அப்போ, குடிச்சிட்டு, கயித்த விட்டுட்டுப் போயிட்டே. அதுல உன் மச்சான் போயிட்டான். இல்லையாப்பா?"

நஞ்சப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "ஆமாங்க. நான் போயிருக்கக் கூடாதுங்க. அது என்ற முடிச்சுங்க. என்ற முடிச்சு."

பெட்டியின் வாயிலிருந்து நாலு வரிச் சுருக்கம் காகிதமாக வந்தது. அந்த நாலு வரியில் ஒரு பொய்கூட இல்லை. அதைத்தான் இந்திராணியால் தாங்க முடியவில்லை.

"என்ன ரைட்டரம்மா, பேனா எழுதலையா?" இன்ஸ்பெக்டர் பிரபாகர் எட்டிப் பார்த்தார். அவள் மகன் வயதுதான் இருக்கும்.

"எழுதுதுங்கய்யா. ஒண்ணு உறுத்துது."

"என்ன உறுத்துது? அடிச்சமா? பட்டினி போட்டமா?"

"இல்லீங்கய்யா. பாலு சொல்லித்தான் போனேன்னு சொன்னான். பெட்டி அதைக் கண்டுக்கவே இல்ல."

"கண்டுக்காம என்ன? சரின்னு சொல்லுச்சே."

"சரின்னு சொன்னதுதானுங்கய்யா தப்பு."

பிரபாகர் சிரித்துவிட்டார். "சரின்னு சொன்னது தப்பா? எழுதிக் குடுங்க, டி.எஸ்.பி. ஆபீசுக்கு அனுப்பறேன். ஒரு வாரம் சிரிப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாலு சொன்னான்கிறதும் ரெக்கார்டுல இருக்குங்க. பத்தொன்பதாம் பக்கம், பின்னிணைப்பு. நாம எதையும் மறைக்கல."

"மாஜிஸ்திரேட் பத்தொன்பதாம் பக்கம் படிப்பாருங்களா?"

"அது அவர் பாடு. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோர்ட். அதுக்குள்ள கையெழுத்து வேணும்."

ஒரு நாளைக்கு அறுபது கேஸ் கட்டு வரும் மாஜிஸ்திரேட் மேசையில் நாலு வரிதான் படிக்கப்படும். பிரபாகருக்கும் தெரியும், இந்திராணிக்கும் தெரியும். நாலாவது வரியில் 'குடிபோதை' இருந்தது. அந்தச் சொல் இருந்தால் பத்து வருடம். அது இல்லாமல் பாலுவின் பேர் இருந்தால், தொட்டியில் ஆளை இறக்கிய முதலாளி கூண்டில் நிற்க வேண்டும்.

அவள் லாக்கப்புக்குப் போனாள். நஞ்சப்பன் மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"நஞ்சப்பா, கயிறு மாறுதுன்னு சத்தம் போட்டியா?"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். அன்றைக்கு முதல் தடவையாக ஒருத்தர் முகத்தைப் பார்த்தான். "உங்களுக்கு எப்படிங்கம்மா தெரியும்?"

"எங்கப்பன் கெணறு வெட்டு. எங்கம்மா மேல கல்லு செமந்தா. சோத்தை விடக் கயித்தைத்தான் அதிகமாப் பாத்திருக்கேன். சொல்லு."

குழியில் இறங்குகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேலே கயிறு பிடித்தவன் எக்காரணம் கொண்டும் நகர வேண்டி வந்தால், 'கயிறு மாறுது' என்று உள்ளே சத்தம் போட வேண்டும். யாருக்கு மாறுகிறது என்றும் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவன் 'ஆகட்டும்' என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். சொல்லாமல் போனவனுக்கு அப்புறம் எந்தக் குழியிலும் வேலை கிடைக்காது. பெண் கொடுக்க மாட்டார்கள்.

"போட்டனுங்க. கயிறு மாறுது, பாலு சார் நிக்கறாருன்னு போட்டனுங்க. திருமூர்த்தி உள்ளருந்து, ஆகட்டும் மாமா, சாரு மேல ஒரு கண்ணு வச்சுக்கோன்னு சிரிச்சான். பாலு சாருந்தான் கேட்டாரு. நான் மோட்டாரைப் போட்டுட்டுத் திரும்பி வந்தா அவரைக் காணமுங்க. ரோட்டோரம் போன்ல பேசிட்டிருந்தாரு."

"இதை ஏன்டா அங்க சொல்லல?"

"அந்தக்கா கேக்கலீங்களே." அவன் கையைப் பார்த்துக்கொண்டான். "அதுவுமில்லாம, முடிச்சு என்றதுதானுங்க? ஆளு செத்தா முடிச்சுப் போட்டவன் பாவந்தானுங்க. எங்க ஆளுங்க யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க."

குழிக்காரன் தன் தொழில் தர்மத்தில் தலையைக் குனிகிறான். கோர்ட்டில் அந்தக் குனிவுக்குக் குற்ற ஒப்புதல் என்று பெயர். மேலே நின்ற பாலுவுக்குத் தர்மமும் இல்லை, தலைகுனிவும் இல்லை, அவன் பெயர் பத்தொன்பதாம் பக்கத்தில்.

தங்கமுத்துவையும் பெட்டிதான் விசாரித்திருந்தது. அவர் விசாரணை அறைக்கு வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் ரூமுக்குப் போனார்கள். ஏ.சி. அங்கேதான் இருக்கிறது. இந்திராணி ரெக்கார்டைப் போட்டுக் கேட்டாள்.

"வணக்கமுங்க. ஒரு ரெண்டு நிமிஷம் தொந்தரவு பண்ணலாங்களா?"

அதே குரல். ஆள் மட்டும் வேறு.

"தொட்டியில ஆள் எறங்குறது எனக்குத் தெரியவே தெரியாதுங்க," என்றார் தங்கமுத்து.

"ஓ, அப்படிங்களா. அப்புறமுங்க?"

"இந்த நஞ்சப்பன் எப்பவும் தண்ணியிலதான் இருப்பான். எத்தனையோ தடவை சொல்லியாச்சு."

"ஐயோ. அப்புறமுங்க?"

"போனாப் போகுதுன்னு புள்ள குட்டிக்காரனாச்சேன்னு வச்சிருந்தேன். அது நான் பண்ணுன தப்பு."

"புரியுதுங்க. உங்க மனசுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்."

ஒன்பது நிமிடம். ஒரு 'அப்போ' கிடையாது. ஒரு 'இல்லையாப்பா' கிடையாது. கூலிக்காரன் வாயைத் திறந்தால் 'சரி' என்று மூடுகிறது. முதலாளி வாயை மூடினால் 'அப்புறமுங்க' என்று திறந்துவிடுகிறது. சத்தம் போட்டு மிரட்டினால்கூட நாலு பேர் கேட்பார்கள். இதை யார் கேட்பது? எந்த வக்கீல் எழுந்து நின்று, 'ஐயா, என் கட்சிக்காரனிடம் சரி என்று சொல்லிவிட்டார்கள்' என்று முறையிடுவான்?

மாதா மாதம் பெட்டியைத் துடைத்து எண்ணெய் போட வருகிற மாதிரி ஜெரால்டு வருவான். கம்பெனிப் பையன், கோயமுத்தூர். நல்ல பையன்தான், இந்திராணி டப்பாவில் கொண்டு வரும் எலுமிச்சைச் சோற்றைப் பங்கு கேட்டுச் சாப்பிடுவான். அன்று மத்தியானம் அவனைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கண்ணு, ஏழைன்னா இப்படிக் கேளு, பணக்காரன்னா அப்படிக் கேளுன்னு நீங்களா இதுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஐயையோ, இல்லீங்க மேடம். எழுதி வச்சா நாங்க உள்ள போயிருவோம்." கையைக் கழுவிவிட்டு வந்தான். "நாங்க எதுவுமே சொல்லித் தரல. பழைய விசாரணை ரெக்கார்டிங் எல்லாத்தையும் போட்டோம். எந்த எடத்துல எந்த வார்த்தை விழுந்தா வேலை சீக்கிரம் முடியுதுன்னு அதுவே கத்துக்கிச்சு."

"வேலை முடியறதுன்னா?"

"ஸ்டேட்மெண்ட்டு. நாங்க பெரிய பெரிய கேள்வியெல்லாம் முக்கியம்னு நெனச்சோம். கடைசில பாத்தா கேள்வி ஒண்ணுமே இல்ல மேடம். இந்தக் குட்டிக் குட்டி வார்த்தைங்கதான். அப்போ, சரி, ம், அப்புறம், இல்லையா. அதை எடுத்துட்டா ஒருத்தனும் ஒத்துக்கறதில்ல. சேத்தா நூத்துக்கு எண்பது."

"யாரு ரெக்கார்டிங்?"

"மாநிலம் பூராத்துலருந்தும் எடுத்தோம். முக்கால்வாசி குப்பை. அடி, கத்தல். அதெல்லாம் இதுக்கு ஆகாது. ஒரே ஒருத்தரோடதுதான் சுத்தம். எட்டாயிரம் மணி நேரம். ஒரு அதட்டல் கிடையாது. பெட்டியோட பேச்சே அவங்க பேச்சுதான், குரல் மட்டும் வேற. அவங்க மட்டும் இல்லேன்னா இந்தப் பெட்டியே இல்ல."

"பேரு?"

"பேரெல்லாம் எங்களுக்குத் தர மாட்டாங்க மேடம். நம்பர்தான்." கணினியைத் திருப்பிக் காட்டினான். "கே இருநூத்திப் பன்னெண்டு. வேணும்னா ஒண்ணு கேளுங்க."

அவள் சட்டையில் இருபத்தேழு வருடமாகக் குத்தியிருக்கும் நம்பர். ஜெரால்டு அதைப் பார்க்கவில்லை. இந்திராணி வெயிலுக்குத் துண்டு போர்த்தியிருந்தாள்.

ஒலிபெருக்கியில் பெண் ஒருத்தி பேசினாள். "டீ குடிச்சியா? சரி. பயப்படாதே. அப்போ, மில்லுக் கதவு சாவி உன்கிட்டதான் இருந்துச்சு. இல்லையாப்பா?"

தங்கமான பேச்சு. அவளுடைய பேச்சு.

அவள் யாரையும் அடித்ததில்லை. அந்தப் பெருமையில்தான் இத்தனை வருடம் சோறு இறங்கியது. எஸ்.பி. கையால் வாங்கிய பாராட்டுச் சான்றிதழ் வீட்டில் டி.வி.க்கு மேல் மாட்டியிருக்கிறது, கண்ணாடி போட்டு. அந்தக் காலத்து இன்ஸ்பெக்டர் முதலிலேயே சொல்லிவிடுவார்: 'இந்திராணி, இந்தக் கேஸ் இப்படி முடியணும்.' எழுத வேண்டியது நாலு வரி. உட்கார்ந்திருப்பவன் அந்த நாலு வரிக்கு உதவாத எதையாவது சொன்னால், அதட்ட மனசு வராது. 'சரி' என்பாள். உதவுகிற மாதிரி ஒன்று சொன்னால், 'அப்போ' என்று அதைப் பிடித்துக்கொள்வாள். மில்காரர் வந்தால் எழுந்து நின்று 'அப்புறமுங்க' என்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல் சுமந்தவள் பெற்ற பெண், காக்கி போட்ட பிறகும் பெரிய இடத்துக்கு எழுந்து நிற்கத்தான் பழகியிருந்தாள். எழுந்து நின்றதைப் பெட்டியும் கற்றுக்கொண்டது. இப்போது நாற்பத்தொரு ஸ்டேஷனில் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிறது.

"மேடம், உடம்பு சரியில்லையா?" என்றான் ஜெரால்டு.

"அந்த ரெக்கார்டை ஒரு காப்பி போட்டுக் குடு."

"அது... தரக் கூடாதுங்களே."

"என்னுதுதான்டா கண்ணு," என்று துண்டை எடுத்தாள்.

அவன் நம்பரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கணினியில் மாட்டினான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரபாகர் பேனாவை அவரே திறந்து நீட்டினார்.

"போட மாட்டனுங்கய்யா."

"என்னங்க விளையாடறீங்க? இன்னும் பத்து மாசத்துல ரிட்டயர்டு. பென்ஷன் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு."

"தெரியுமுங்கய்யா."

"அவன் என்ன, உங்க சொந்தமா?"

இந்திராணிக்கு அப்போதுதான் கோபம் முழுசாக மேலே வந்தது. "சொந்தமா இருந்தா என்னிக்கோ பண்ணியிருப்பனே! சொந்தம் இல்லேன்னுதானே இருபத்துமூணு வருசமா எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன்?"

"கத்தாதீங்க."

"நான் கத்துனதே இல்லீங்கய்யா. அதுதான் வெனையே."

கையெழுத்து மறுத்தால் காரணத்தை மாஜிஸ்திரேட் முன்னால் நேரில் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் மறுத்ததில்லை என்பதால் அந்த விதியைக் கண்டுபிடிக்கவே கோர்ட் குமாஸ்தாவுக்குக் கால் மணி நேரம் ஆனது. மாஜிஸ்திரேட் ஐம்பது வயதுக்காரர், முன்னால் அறுபது கட்டு, முகத்தில் சலிப்பு.

"ஏன் கையெழுத்துப் போடல?"

"பொய்க் கையெழுத்தாயிடுமுங்கய்யா. போலீஸ் யாரும் பேசலன்னு எழுதியிருக்குது. பேசுச்சுங்க."

"யாரு பேசினது?"

"நான்தானுங்க."

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "ஐயா, வீடியோ இருக்கு. இந்தம்மா வாயே திறக்கல. மெஷின்தான் பேசுது."

"மெஷினுக்குள்ள பேசறது நானுங்க. எட்டாயிரம் மணி நேரம் நான் பேசுனதைத்தான் அதுக்குள்ள போட்டிருக்காங்க. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டறேன், ஐயா கேட்டுட்டுச் சொல்லுங்க."

போட்டாள். முதலில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய இந்திராணி. அடுத்து நஞ்சப்பனிடம் பேசிய பெட்டி. டீ குடிச்சியா. சரி. பயப்படாதே. அப்போ. இல்லையாப்பா. மூச்சு விடுகிற இடம்கூட மாறவில்லை. மூன்றாவதாகத் தங்கமுத்துவைப் போட்டபோது வராந்தாவில் நின்ற வக்கீல்கள் உள்ளே வந்து நின்றார்கள்.

"இது தமிழ்ல எல்லாரும் பேசறதுதானே ஐயா!" என்றார் அரசு வக்கீல். "அப்போ, சரின்னு சொல்லாம யாரால பேச முடியும்?"

"ஆமாங்க, எல்லாரும் பேசறதுதான்," என்றாள் இந்திராணி. "எல்லாரும் பேசறதால யாரும் பத்து வருசம் ஜெயிலுக்குப் போறதில்லீங்களே."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். கூண்டைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா. என்ன நடந்துச்சு?"

நஞ்சப்பன் மோட்டார் வரை சொல்லிவிட்டு நிறுத்தினான். மாஜிஸ்திரேட்டின் வாய் தானாகத் திறந்தது, 'ச' என்ற எழுத்துக்கு நாக்குப் போய்விட்டது. இந்திராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். கோர்ட்டில் மின்விசிறி மட்டும் சுற்றியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நஞ்சப்பன் இரண்டு பக்கமும் பார்த்தான். இன்னும் பேசலாம் போலிருக்கிறது என்று அவனுக்கு மெல்லத்தான் விளங்கியது.

"கயிறு மாறுதுன்னு சத்தம் போட்டனுங்க..."

பதினேழு நிமிடம் பேசினான். பாலு எங்கே நின்றான், என்ன நிறச் சட்டை, திருமூர்த்தி என்ன சொல்லிச் சிரித்தான், இரண்டு உடம்பையும் ஒற்றை ஆளாக இழுத்ததில் கையில் தோல் உரிந்தது, எல்லாம். கையை நீட்டிக் காட்டினான். இத்தனை நாளாக ஒருத்தரும் அந்தக் கையைப் பார்த்திருக்கவில்லை.

ஒப்புதலை ஏற்க முடியாது என்று மாஜிஸ்திரேட் எழுதினார். இயந்திரத்தின் வழியாகப் பேசியது போலீஸ்தான் என்று தோன்றுவதாகவும், போலீசிடம் சொன்னது செல்லாது என்றும், அது பற்றி ஐகோர்ட்டுக்குக் கடிதம் போகட்டும் என்றும் எழுதினார். நஞ்சப்பன் சொந்த ஜாமீனில் போகலாம். பாலுவும் தங்கமுத்துவும் திங்கட்கிழமை நேரில் வர வேண்டும்.

"நாளையிலிருந்து வர வேண்டாம்," என்று பிரபாகர் வாசலில் வைத்துச் சொன்னார். "ஆர்டர் வீட்டுக்கு வரும்."

இந்திராணி தலையாட்டினாள். வேப்பமரத்தடியில் நஞ்சப்பனின் பெண்டாட்டி ருக்குமணி நின்றிருந்தாள். மூன்று நாளைக்கு முன் தம்பியை எரித்தவள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து, 'அதெல்லாம் வேண்டாம்மா' என்று சொல்லத் தயாரானாள் இந்திராணி.

"நீங்கதானுங்களா அந்த ரைட்டரம்மா?" என்றாள் ருக்குமணி. "உள்ள உங்க பேச்சைப் போட்டாங்களே, எங்கப்பன் சொல்லிக் காட்டுன அதே பேச்சு, அப்பத்தான் தெரிஞ்சுது. எங்கப்பனுக்கும் நீங்கதான் எழுதுனீங்க."

"யாரும்மா உங்கப்பா?"

"வெள்ளியங்கிரி. காப்பர் கம்பி திருடுனான்னு புடிச்சாங்க. மூணு வருசம் உள்ள இருந்தான். வந்து ஒரு தடவைகூட உங்களைத் திட்டுனதில்லீங்க. எல்லாரும் நாயாட்டம் பேசுனாங்க, அந்தம்மா ஒருத்திதான் என்னை மனுசனா மதிச்சுப் பேசுச்சுன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவான். சாகற வரைக்கும் சொன்னான்." அவள் குரல் ஏறவே இல்லை. "அவன் எடுக்கலீங்கம்மா. மேஸ்திரி எடுத்தான். அதையும் உங்ககிட்டச் சொன்னானாமா. நீங்க சரின்னு சொன்னீங்களாமா."

வெள்ளியங்கிரி. இந்திராணி தேடிப் பார்த்தாள். எட்டாயிரம் மணி நேரத்தில் அந்த முகம் இல்லை. எந்த முகமுமே இல்லை. டீ டம்ளரைப் பிடித்த கைகள் மட்டும் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

"எந்த வருசம்னு ஞாபகம் இருக்குதா? கேஸ் நம்பர் எதாச்சும்...?"

"அதெல்லாம் எங்ககிட்ட ஏதுங்க?" என்றாள் ருக்குமணி. "நீங்கதானே எழுதுனீங்க."

நஞ்சப்பனை அழைத்துக்கொண்டு அவள் பஸ் ஸ்டாப்புப் பக்கம் நடந்தாள். கோர்ட் கடிகாரத்தில் மணி ஒன்றரை. பழைய ரெக்கார்டு ரூம் சாவி இன்னும் இந்திராணியின் இடுப்பில் இருந்தது. ஆர்டர் கைக்கு வரச் சாயங்காலம் ஆகும். அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடந்தாள்.